ரேகை வளர்ந்த நாட்கள்

ஆரணி
3.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதுவதற்கே முதலில் மன்னித்துக்கொள். நாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவள் திடீரென்று காகிதத்தோடு வந்து நிற்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. உன் பழைய நம்பரில் வேறு யாரோ பேசுகிறார்கள். என்னோடு கல்லூரியில் படித்த சக்ரேஸ்வரி, தேவிகாபுரத்தில் அவள் சித்தப்பா வீட்டுத் தெருவில் உன்னைப் பார்த்ததாகச் சொல்லி இந்த முகவரியைக் கொடுத்தாள். புது நம்பரும் வாங்கித் தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். போனில் எனக்கு வார்த்தை வராது என்பது உனக்குத் தெரியும்.

நான் கனடாவுக்கு வேலைக்குப் போக விண்ணப்பித்திருக்கிறேன். ஒரு காளான் பண்ணை. தற்காலிகத் தொழிலாளியாக இரண்டு வருஷம். பி.எஸ்ஸி.யில் காளான் வளர்ப்பு ஒரு பாடமாக இருந்ததால் தைரியமாக எழுதிப் போட்டேன். வீடியோவில் இரண்டு பெண்கள் பேட்டி எடுத்தார்கள். "எட்டு மணி நேரம் நிற்க முடியுமா?" என்று கேட்டார்கள். நான் "எட்டு மணி நேரம் உட்கார முடியும்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் சிரித்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அதுதானே தெரியும். இருந்தும் வேலை கொடுத்துவிட்டார்கள்.

இப்போது தடையாக நிற்பது பர்மிட். அதற்குக் கைரேகை கொடுக்கப் போன மாதம் சென்னை போனேன். போவதற்கு முந்தின நாள், நான் இல்லாத ஒரு நாளில் தறி சும்மா நிற்கக்கூடாதே என்று ஒரு முழுப் பாவையும் பிணைத்துவிட்டுப் போனேன். தறியில் நீளவாக்கில் ஓடும் நாலாயிரத்துச் சொச்சம் இழை. பழைய பாவின் ஒவ்வொரு நுனியோடும் புதுப் பாவின் நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்டு, விரலில் உருட்டி உருட்டி. அதைச் செய்துவிட்டு நேராகக் கைரேகை கொடுக்கப் பஸ் ஏறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விசா சென்டரில் ஒரு சின்னக் கண்ணாடி, அடியில் பச்சை வெளிச்சம். அதன்மேல் விரலை வைத்தேன். ஒன்றும் விழவில்லை. அங்கிருந்த பெண் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்யறீங்க? கண்ணாடி மாதிரி இருக்கே" என்றாள். எப்படியோ பதிந்து அனுப்பினாள். போன சனிக்கிழமை கடிதம் வந்துவிட்டது. ரேகை தெளிவாக இல்லை, முப்பது நாளுக்குள் மறுபடி வந்து கொடுக்க வேண்டும். இந்த முறையும் விழாவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. பண்ணையில் செப்டம்பர் வரை எனக்காக இடம் வைத்திருப்பார்கள்.

அப்பா என்னைப் பாவைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை ஒன்று கேட்கலாமா? நீயும் பத்து வருஷம் பிணைத்தவள். இப்போது நாலு வருஷமாகத் தொடவில்லை. உன் விரலில் ரேகை திரும்பி வந்ததா? எத்தனை நாளில்?

கேட்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பிறகு கேட்கிறேன்.

உன் தங்கை
ஹேமலதா


தேவிகாபுரம்
8.6.2024

ஹேமா,

கடுதாசி வந்துச்சு. உறையைப் பார்த்ததும் யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சேன். பிரிச்சா காளான்.

நாலு வருஷம் கழிச்சி என் விரலை விசாரிக்கிறே. நான் எப்படி கீறேன்னு ஒரு வரி இல்ல. சரி, நீ கேக்கலன்னாலும் சொல்றேன். நல்லா இருக்கேன். அவர் மோட்டார் ரிப்பேர் கடை வச்சிருக்கார். ராஜேஷ்னு பேரு, ஞாபகம் இருக்கா? உங்க வீட்ல அந்தப் பேரைச் சொன்னாலே சாப்பாட்டுத் தட்டு பறக்குமே. எங்களுக்கு ஒரு பொண்ணு. இளமதி. ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சு. உனக்கு அதுவும் தெரியாது.

இப்போ விரலைப் பத்தி. கல்யாணம் ஆகி இங்க வந்த புதுசுல ரேஷன் கடை மிஷின்ல என் விரல் விழவே விழாது. கியூவுல எல்லாரும் பார்க்க, கடைக்காரர், "இன்னாம்மா, திருட்டு கேஸா? ரேகையை அழிச்சிகினு வந்துகீறே"ன்னு கிண்டல் பண்ணுவார். அழுதுட்டு வருவேன். ஒண்ணரை மாசம் கழிச்சி ஒரு நாள் பீப்னு சத்தம் வந்துச்சு. வலது கட்டை விரல்தான் முதல்ல. என் இடது கை விரலுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு. பீச்சாங்கைக்காரிக்கு அதுதானே அதிகமா தேஞ்சிருக்கும்? நீ சோத்தாங்கை. உனக்கு இடது கை ஜல்தி வரும். வலது கைதான் பேஜார்.

உனக்கு முப்பது நாள்தான் இருக்கு. பாத்திரம் தேய்க்காதே. எலுமிச்சம்பழம், புளி தொடாதே. தேங்கா எண்ணெய் தடவு. முக்கியமா சாம்பல் பக்கமே போகாதே.

அம்மா என் பேரை எடுக்குதா? பதில் எழுதினா எழுது. எழுதாட்டி போ.

ஜெயப்ரியா


ஆரணி
13.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இளமதி. அந்தப் பெயரை மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். யார் மாதிரி இருக்கிறாள்?

உன் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கியது அம்மாதான். நான் பயந்துகொண்டு ஜன்னலோரம் நின்றேன். அம்மா உறையைக் கண்ணுக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். உன் எழுத்து இடப்பக்கம் சாயுமே. பிறகு, "உனக்கு இன்னாமோ வந்துகீது" என்று என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெயரை எடுக்கவில்லை. அன்று குழம்பில் உப்பு போட மறந்துவிட்டாள். உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

சும்மா இருப்பது எனக்குத் தெரியாத வேலை. அம்மா சாதத்தைக்கூடப் பிசைய விடுவதில்லை. கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஸ்பூன் வாங்கி வந்து தட்டில் வைத்தாள். "தொரசானி, இதால துன்னு." மத்தியானம் முழுக்கத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். எங்கே தூக்கம் முடிகிறது, எங்கே சத்தம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. நேற்று ஒரு கனவு. நம் தறியின் பாவு இழைகளுக்கு நடுவிலிருந்து காளான்கள் வெள்ளை வெள்ளையாக முளைத்துக்கொண்டிருந்தன. ஒரு இழைகூட அறுபடவில்லை. அப்பா அவற்றைப் பார்க்காமலே நெய்துகொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனேன். பாவு முடியவே இல்லை. பயமாக இல்லை, அக்கா. குளிர்ச்சியாக இருந்தது.

அந்தப் பண்ணையிலும் அப்படித்தானாம். ஜன்னல் இல்லாத ஈரமான அறைகள், அடுக்கடுக்காகப் படுக்கைகள். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு பறிக்க வேண்டும். இழுக்கக்கூடாது. இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருக வேண்டும். அழுத்தினால் காளான்மேல் விரல் தடம் விழுந்து கறுத்துவிடுமாம். தடமே தெரியாமல் எடுப்பவர்தான் நல்ல தொழிலாளி என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். நாட்டுக்குள் நுழைய ரேகை வேண்டும், நுழைந்த பிறகு அது எதிலும் படக்கூடாது. யோசித்தால் சிரிப்பு வருகிறது.

தினமும் காலையில் விரலை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன். கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடி முடிந்த பிறகு மணலில் மெல்லிய வரிகள் கிடக்குமே, நாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவற்றை மிதிக்காமல் நடப்போமே, அந்த மாதிரி இடது சுண்டுவிரலில் நாலைந்து கோடுகள் வந்திருக்கின்றன. வலது கை இன்னும் வெறும் கண்ணாடிதான்.

மறுபடி சென்னை போகும் தேதி 27, வியாழக்கிழமை. அதே வாரம் அப்பாவின் பாவும் தீர்ந்துவிடும். ஆவணிக் கல்யாணத்துக்கான சேலை, தறியைச் சும்மா விட முடியாது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை வந்திருக்கிறது. ஆனாலும் வெளி ஆளைக் கூப்பிட விட மாட்டேன் என்கிறாள். அன்றைக்கே தனியாக உட்கார்ந்து பிணைப்பாளாம். "நான் பார்க்காத பாவா? கண்ணை மூடிகினே பிணைப்பேன், போடி" என்கிறாள்.

ஹேமலதா


தேவிகாபுரம்
17.6.2024

ஹேமா,

நான் வரணும்னு சுத்தி வளைச்சி எழுதுறியா? தேதி, கிழமை, கண்ணுல புரை, எல்லாத்தையும் வரிசையா அடுக்கி வச்சிருக்கே. காலேஜ்ல இதுதான் சொல்லிக் குடுத்தாங்களா? வர மாட்டேன். கூப்பிடாத வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்?

மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். அம்மா மேல எனக்கு அவ்வளவு கோவம் இல்ல. அது கத்துச்சு, திட்டுச்சு, அழுதுச்சு. தறிக்காரர் இல்லாத வீட்டுக்குப் பொண்ணு போறாளேன்னு அதுக்கு வயித்தெரிச்சல். எனக்குப் புரியுது. அப்பா தறியை விட்டு எழுந்திருக்கவே இல்ல. அவர் எப்பவும் அப்படித்தான்.

நீதான். பிளஸ் டூ முடிச்சதும் நான் பாவுல உக்காந்தேன், நீ காலேஜ் போனே. நான்தான் போகச் சொன்னேன், அதைச் சொல்லிக் காட்டல. ஆனா அன்னிக்கு நான் பையை எடுத்துகினு வாசல்ல இறங்கினப்போ நீ கதவைப் பிடிச்சிகினு நின்னே. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "போயிட்டு வாக்கா." ரெண்டு வார்த்தை. கடன் கேட்டு வந்தவனுக்குக்கூட நம்ம வீட்ல அதைச் சொல்லித்தான் அனுப்புவோம். நீ வாயைத் திறக்கல. தெருமுனை வரைக்கும் காதை உன் பக்கமே வச்சிகினு நடந்தேன்.

நான் பாதி பிணைச்சிட்டு அப்படியே விட்டுட்டு வந்த பாவு. அரக்குக் கலர். அது இன்னா ஆச்சு? எத்தனை இழை மீதி இருந்துச்சு? சில நாள் அதை நினைச்சிக்குவேன்.

இளமதி என்னை மாதிரி இல்ல. உன்னை மாதிரி. பேசாம எல்லாத்தையும் பார்த்துகினே இருக்கும்.

ஜெயப்ரியா


ஆரணி
21.6.2024

அக்கா,

இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு.

நீ போன மறுநாள் காலை நான் அந்தப் பாவில் உட்கார்ந்தேன். எண்ணிக்கொண்டே பிணைத்தேன். எண்ணாவிட்டால் அழுதிருப்பேன். இரண்டு நாள் ஆனது. நீ கடைசியாக உருட்டிய முறுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் என்னுடைய முதல் முறுக்கு வலப்பக்கம். நம் இரண்டு பேர் கையும் எங்கே பிரிந்தது என்று அங்கே கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அப்பா பாவை இழுத்து நெய்யத் தொடங்கியதும் அது போய்விட்டது. அந்தச் சேலையைச் சேத்துப்பட்டில் யாரோ ஒரு பெண் கட்டிக்கொண்டு கல்யாணம் செய்திருப்பாள்.

வாசலில் நின்றதைப் பற்றி. வார்த்தை தொண்டை வரை வந்திருந்தது, அக்கா. எனக்குப் பின்னால் அம்மா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் சொன்னால் அவளை விட்டுவிட்டு உன் பக்கம் போனதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். யோசித்து முடிப்பதற்குள் நீ தெருமுனையில் திரும்பிவிட்டாய். அதற்குப் பிறகு சொன்னேன். கதவிடம்தான் சொன்னேன். பத்தொன்பது வயதில் அவ்வளவுதான் எனக்கு வந்தது. இப்போதும் எழுத்தில்தான் வருகிறது.

நான் சுற்றி வளைக்கவில்லை. கேட்க வைத்திருப்பது பாவைப் பற்றியது அல்ல. நீ வராவிட்டாலும் அம்மா எப்படியாவது பிணைத்துவிடுவாள். ஒரு இழை மாறினால் அவிழ்த்து மறுபடி உட்காருவாள்.

வலது ஆள்காட்டி விரலில் நேற்று ஒரு கோடு பார்த்தேன். இன்று காலை பார்த்தால் அது அழுக்கு. சோப்பில் போய்விட்டது.

ஹேமலதா


ஆரணி
29.6.2024

அக்கா,

விழுந்துவிட்டது. ஏழு விரல் சுத்தமாக, மூன்று மங்கலாக. போதும் என்றார்கள். அதே பெண்தான் இருந்தாள். திரையில் என் இடது மோதிர விரல் பெரிதாக வந்தது. நடுவில் ஒரு சுழி, அதைச் சுற்றிக் கோடு கோடாக. என் கையில் இது இருந்தது எனக்கே தெரியாது. அவள் அடுத்த ஆளைக் கூப்பிடும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீடு வந்து சேர மாலை ஆகிவிட்டது. அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார். அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பாவு முழுக்கப் பிணைத்து முடிந்திருந்தது. ஒரே நாளில், ஒற்றைக் கண்ணோடு. "யாரும்மா கூட உட்கார்ந்தது?" என்று கேட்டேன். "ஆள் வந்துச்சு" என்றாள். அவ்வளவுதான்.

இனி தொடலாம் அல்லவா? உள்ளங்கையை விரித்துப் பாவின்மேல் மெல்ல வைத்து நகர்த்தினேன். வலது பாதி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நடுவில் ஓர் இடத்தில் நின்றேன். அதற்கு அப்பால் எல்லாம் இடப்பக்கம்.

சாம்பல் கிண்ணம் தரையில் இருந்தது. தறிக்காலில், என் முழங்கால் உயரத்தில், சாம்பலில் பதிந்த ஒரு சின்னக் கை. ஐந்து விரலிலும் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. அம்மா அதைத் துடைக்கவில்லை. நேற்று வீடு பெருக்கியபோதும் அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

என்ன பேசிக்கொண்டீர்கள்? எழுது.

ஹேமா


தேவிகாபுரம்
5.7.2024

ஹேமா,

பேசறதுக்கு இன்னா இருக்கு? போளூர்ல ஒரு வேலை இருந்துச்சு, பஸ்ஸு மாறி ஏறிட்டேன். அப்படின்னு நினைச்சிக்கோ.

வாசல்ல நின்னேன். அம்மா பாவுக்கு முன்னாடி குனிஞ்சி உக்காந்திருந்துச்சு. தலையைத் தூக்காமலே, "செருப்பை வெளிய விடு"ன்னுச்சு. விட்டேன். "கையைக் கழுவினியா?" கழுவினேன். "பீச்சாங்கை அந்தப் பக்கம்." உக்காந்தேன். அப்புறம் மூணு மணி நேரம் பிணைச்சிகினே இருந்தோம். எனக்கு விரல் மறந்துபோயிருக்கும்னு நினைச்சேன். இருபதாவது இழையில திரும்பிடுச்சு. கண் தெரியலைன்னு அம்மா சொல்லவே இல்ல. நுனி கிடைக்காம தடவும்போது நான் எடுத்து அது விரல்ல வச்சேன். வாங்கிக்குச்சு.

இளமதி சாம்பல்ல விளையாடுச்சு. மத்தியானம் அம்மா முதல் தடவையா அது பக்கம் திரும்பி, "இது இன்னா துன்னும்?"னு கேட்டுச்சு. "எல்லாம் துன்னும்"னேன். தயிர் சாதம் பிசைஞ்சி ஊட்டுச்சு. உன்னோட ஸ்பூனை இது பிடுங்கிகிச்சு. அம்மா அதையே குடுத்தனுப்பிடுச்சு. மன்னிச்சிக்கோ, தொரசானி.

கிளம்பும்போது அம்மா உள்ள போயிடுச்சு. வாசலுக்கு வரல. மறுபடி வான்னும் சொல்லல. வராதேன்னும் சொல்லல. அப்பா மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பத்தடி பின்னாடியே நடந்து வந்தார். இளமதி திரும்பித் திரும்பிப் பார்த்துகினே வந்துச்சு.

உன் விரலு இப்போ எப்படி இருக்கு? மறுபடி சாம்பலைத் தொட்டியா?

அக்கா


ஆரணி
26.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் விசாவும் ஒட்டித் தந்துவிட்டார்கள். பர்மிட் காகிதத்தை அங்கே இறங்கிய பிறகு, விமான நிலையத்திலேயே அச்சடித்துக் கையில் தருவார்களாம். அதில் என் பெயர், பண்ணையின் பெயர், முடியும் தேதி மூன்றும் இருக்கும். அந்தப் பண்ணையைத் தவிர வேறு எங்கும் நான் வேலை செய்யக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு என் பெயரோடு ஓர் இடத்தின் பெயரும் சேர்ந்தே வரும். அது எப்படிப்பட்ட இடம் என்று போனால்தான் தெரியும். பயம் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

நீ கேட்டாயே, ஆமாம், தொட்டேன். போன வாரம் ஒரு பாவு பிணைத்தேன். விரல் மறுபடி வழவழப்பாகிக்கொண்டு வருகிறது. அங்கே இறங்கும்போது மறுபடி விரலை வைக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொன்னதும் அம்மா கிண்ணத்தைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். இப்போது மறுபடி சும்மா இருக்கிறேன். மத்தியானங்கள் நீளமாக இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே மழை வருகிற மாதிரி வந்து வராமல் போகிறது. நான் பாதி அங்கே, பாதி இங்கே. சில சமயம் தட்டில் சாதத்தைப் பார்க்கும்போது அது பனி மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது.

அம்மா நேற்று பெட்டிக்குள் ஊறுகாய் வைத்தாள். கண் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டுவிட்டாள். "நீ போயிட்டா அடுத்த பாவுக்கு யாரு?" என்று அப்பா கேட்டார். அம்மா, "அதான் ஆள் கீதே, பஸ்ஸு புடிச்சா ஒரு மணி நேரம்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் எழுந்து போனாள். உனக்குச் சொல்லச் சொல்லி அவள் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதுவேன் என்று அவளுக்குத் தெரியும். தறிக்காலில் அந்தக் கை இன்னும் இருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்புகிறேன். அப்பா விமான நிலையம் வரை வருகிறார்.

முதல் கடிதத்திலிருந்து தள்ளித் தள்ளிப் போட்டதை இப்போது கேட்கிறேன். விமான நிலையத்துக்கு வர வேண்டாம். வீட்டுக்கு வா. மாமாவையும் இளமதியையும் கூட்டிக்கொண்டு வா. மாமா என்று இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன், அவரிடம் சொல். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது நீ அம்மாவுக்குப் பக்கத்தில் வாசலில் நிற்க வேண்டும். நான் தெருமுனை வரை காதை உன் பக்கமே வைத்துக்கொண்டு நடப்பேன். அன்றைக்கு நான் உனக்குச் சொல்லாததை நீ எனக்குச் சொல்வாயா? கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொல், அக்கா. கொஞ்சம் சத்தமாகச் சொல்.

உன் தங்கை
ஹேமா